ரயில் நெரிசலால் வந்த கறையா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். கர்ப்பம், எனக்கு 7-வது வாரம். மூன்று நாளாகக் காப்பிப்பொடி நிறத்தில் லேசாகப் படுகிறது. நேற்று ஒருமுறை சிவப்பாகவும் இருந்தது. பெரிதாக வலி இல்லை. போன வாரம் வரை லோக்கல் ரயிலில் இடிபட்டு வாஷிக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் பழுத்த பப்பாளி இரண்டு துண்டும் சாப்பிட்டுவிட்டேன். அதனால்தானா? உள்ளே வைத்து ஸ்கேன் எடுத்தால் கரு கலைந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அத்தையிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.

பதில்: ரயில் நெரிசலும் இரண்டு துண்டு பழுத்த பப்பாளியும் இதற்குக் காரணம் இல்லை. நெரிசலில் இடிபட்டால் கரு கலையும் என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டோம்.

முதல் மூன்று மாதத்தில் ரத்தம் படுவது நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு நடக்கிறது. அவர்களில் பலர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் பழைய ரத்தம், மெதுவாக வெளியே வருகிறது. கர்ப்பத்தில் கருப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடுவதால், தாம்பத்தியத்துக்குப் பிறகு படலாம். கருப்பைக்குள் கருவின் பையை ஒட்டிக் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தாலும் வரலாம். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தாலும், கலையத் தொடங்கியிருந்தாலும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். கறையைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, அக்காவும் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். அதனால் நாளைக்கே போய்விடுங்கள்.

உள்ளே வைத்துப் பார்ப்பதால் கரு கலையாது. அந்தக் கருவி கருப்பைக்குள் போவதே இல்லை. 7 வாரத்தில் பொதுவாக இதயத் துடிப்பு தெரியும். தெரியாவிட்டால் உடனே இடிந்துபோக வேண்டாம். நாள் கணக்கு தவறியிருந்தாலும் அப்படி இருக்கும், ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சில நேரம் கர்ப்ப ஹார்மோன் அளவைப் பார்க்கும் பீட்டா எச்.சி.ஜி ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கச் சொல்வார்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். ஸ்கேன் சென்டரில் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அது, பயப்பட ஒன்றுமில்லை.

அதுவரை பேடு மட்டும் வையுங்கள், எவ்வளவு படுகிறது என்று தெரியும். வலி இருந்தால் பாராசிட்டமால் போதும், வேறு வலி மாத்திரை வேண்டாம். படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அசதியாக இருந்தால் படுங்கள், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைந்தாலோ, ஒரு பக்கமாக அடிவயிறு குத்தினாலோ, தோள் நுனி வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். "கூன் ஜா ரஹா ஹை, சாத் ஹஃப்தே கி பிரெக்னன்சி ஹை" (ரத்தம் போகிறது, ஏழு வாரக் கர்ப்பம்) என்று இந்தியில் சொன்னால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஒருவேளை கலைந்தே போனாலும் அதற்கு நீங்கள் காரணமாக மாட்டீர்கள். ஆரம்பத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கருவின் குரோமோசோமிலேயே குறை இருக்கிறது. அது கரு உண்டாகும்போதே வந்துவிட்டது, ரயில் ஏறுவதற்கு முன்பே.

அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "என்ன சாப்பிட்டாய்?" என்று முதலில் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும். ஸ்கேனுக்குக் கூட வர ஆள் வேண்டும், ராத்திரி ரத்தம் கூடினால் எழுப்ப ஒருவர் வேண்டும். கணவரிடமும் மறைக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பும்போது லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறுங்கள், கர்ப்பிணிகளுக்கும் அங்கே இடம் உண்டு. யாராவது முறைத்தால் காட்ட டாக்டர் சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.