பனையேறியின் பேரனும் பலகைப் பாலமும்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், ஊர் உடன்குடிப் பக்கம். போன மாதம் கல்லூரி நண்பர்கள் நாலு பேரோடு பிடோக் நீர்த்தேக்கப் பூங்காவில் மரத்துக்கு மரம் கம்பி இழுத்து அமைத்திருக்கும் சாகசப் பாதைக்குப் போனேன். ஏணி ஏறி முதல் மேடைக்குப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அடுத்து, தனித்தனியாகத் தொங்கும் பலகைகளை மிதித்துப் போகும் பாலம். பாதியில் கால் நடுங்க ஆரம்பித்தது, அப்புறம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஊழியர் ஒருவர் வந்து கயிறு மாட்டிக் கீழே இறக்கிவிட்டார். நண்பர்கள் இதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். என் தாத்தா பனையேறி, அது அவர்களுக்குத் தெரியும். "பனையேறி பேரன் பத்தடியில அழுறான்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அடுத்த மாதம் மறுபடி போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். போகவா, வேண்டாமா? இந்தப் பயம் எப்போதாவது போகுமா? நான் கோழையா? பெயர் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் கோழை இல்லை. உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பாலத்தில் உங்கள் உடம்புக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் கோழை என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை என்பது உங்களுக்கே புரியும்.

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்துத் திருத்த உடம்புக்கு மூன்று வழி: உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உணரும் அழுத்தம், அப்புறம் கண். கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், பக்கத்தில் இருக்கும் அசையாத பொருள்களை வைத்துத்தான். தலை ஓர் அங்குலம் சாய்ந்தால் எதிரே இருக்கும் சுவர் பார்வையில் நன்றாக நகரும், உடனே உடம்பு சரிசெய்துகொள்ளும். ஆனால் பார்வையில் படும் மிக நெருங்கிய பொருளே வெகு தூரத்தில் இருந்தால், தலை சாய்ந்தாலும் அது நகர்ந்ததாகவே தெரியாது. காது "சாய்கிறாய்" என்கிறது, கண் "இல்லையே" என்கிறது. ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்ட் 1980 வாக்கிலேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். இதற்கு மலை உச்சிக்கெல்லாம் போக வேண்டியதில்லை, கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே மூன்று மீட்டர் இடைவெளி இருந்தாலே தொடங்கிவிடும். உங்கள் நண்பர் கேலி செய்த அந்தப் பத்தடிதான் அது.

இப்போது உங்கள் தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பனை நூறடிகூட வளரும். ஆனால் பனையேறிக்கு மரம் எங்கே இருக்கிறது? முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில். காலில் தளைநார், இரண்டு கையும் மரத்தைக் கட்டியிருக்கும், நெஞ்சு மரத்தில் உரசும், கண் முன்னால் மரத்தின் சொரசொரப்பு. உச்சிக்குப் போனால் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாளை சீவுகிறார், அங்கேயும் சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கிறது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் பிடிமானம் உண்டு. நீங்கள் நின்றதோ இரண்டு மரங்களுக்கு நடுவே, வெட்டவெளியில், காலுக்கடியில் ஆடும் பலகைமேல். அவருடைய உயரமும் உங்களுடைய உயரமும் உடம்புக்கு ஒன்றே அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பனையேறியும் முதல் நாளே நூறடி மரத்தில் ஏறியதில்லை. சிறுவயதில் வடலி எனப்படும் இளம்பனையில் பழகி, பெரியவர் ஒருவர் கீழே நின்று பார்க்க, மெல்ல மெல்ல உயர்ந்தவர்கள்தான் எல்லோரும். மழையில் மரம் வழுக்கும்போது ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியும் விழுந்து முதுகெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தவர்கள், செத்துப்போனவர்கள் தென்மாவட்டங்களில் எத்தனையோ பேர். அவர்கள் இடுப்பில் உங்களுக்கு இருந்ததுபோல இரண்டு கொக்கி இருந்ததில்லை. அந்தத் தொழிலை ஒரு வாட்ஸ்அப் கேலிக்கு எடுத்துக்கொண்டது எனக்கு உண்மையிலேயே கோபமாக இருக்கிறது. அந்த ஒரு வரியில் உங்களை மட்டுமல்ல, அவரையும் சேர்த்தே இழுத்திருக்கிறார்கள்.

உங்களைப் போன்றவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. ஜெர்மனியில் 3,500 பேருக்கு மேல் கேட்டு 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 28 சதவீதம் பேர் வாழ்வில் எப்போதாவது உயரத்தில் நிற்கும்போது இந்த நிலைகுலைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஐந்து பேர் போனீர்கள் என்றால் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கலாம். அவர் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

கால் நடுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை உதவும். பயம் வந்ததும் உடம்பு தொடை, கெண்டைக்கால், கழுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்குகிறது. தலையைத் திருப்பக்கூட மனம் வராது, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டுவிடும். முட்டி மடக்காமல் விறைத்த காலோடு ஆடும் பலகையில் நின்றால் அந்த நடுக்கம் பலகைக்குப் போகும், பலகை ஆடுவது திரும்பக் காலுக்கு வரும். கையில் இருக்கும் கயிற்றை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் முன்கை மரத்துப்போய் "இனி பிடிக்க முடியாது" என்ற புதுப் பயமும் சேர்ந்திருக்கும். ஆனால் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது உங்கள் கை இல்லவே இல்லை. தலைக்குமேல் போகும் எஃகுக் கம்பிதான்.

இது தெரிந்த விஷயம்தானே என்பீர்கள். தலைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. மலையேறுவோர் பயன்படுத்தும் காரபினர் என்ற அந்தக் கொக்கி ஐரோப்பியத் தரவிதிப்படி நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 2 டன் எடை. ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாறும்போது ஒரு கொக்கியைக் கழற்றினால் மற்றது மாட்டியே இருக்க வேண்டும் என்பது விதி, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கவே முடியாத அமைப்புகளும் இப்போது வந்துவிட்டன. இந்தக் கணக்கையெல்லாம் பாலத்தின் நடுவில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலும் முட்டி நடுங்குவது நிற்காது. உடம்பு நம்புவதற்கு ஒரே வழி, எடையை அதில் போட்டுப் பார்ப்பது. பயிற்சி கொடுக்கும் இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கம்பி இருக்குமே, அங்கே எல்லோரும் கொக்கி மாட்டக் கற்றுக்கொண்டு உடனே நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். கொக்கியை மாட்டி, முட்டியை மடக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல, இடுப்பிலும் தொடையிலும் மாட்டியிருக்கும் ஹார்னஸ் என்ற பட்டையில் உட்காருங்கள். காலைத் தூக்குங்கள். கையை விடுங்கள். தொடையைச் சுற்றிய பட்டை அழுந்தும், கம்பி லேசாகத் தாழும், அப்புறம் நிற்கும். அந்த நிற்றலை உடம்பு உணரும்வரை அங்கேயே தொங்குங்கள், பின்னால் வரிசையில் யார் நின்றாலும் சரி.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1985-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசைமேல் விட்டார்கள். மேசையின் பாதியைத் தாண்டியதும் கண்ணாடிக்கடியில் தளம் ஓரடி கீழே இறங்கியிருக்கும், அதனால் குழந்தைக்குப் பள்ளம்போலத் தெரியும், ஆனால் கண்ணாடி இருப்பதால் விழாது. மறுமுனையில் அம்மா நிற்கிறாள், வாய் திறந்து ஒரு சொல் சொல்லக்கூடாது, முகத்தில் மட்டும் ஏதாவது காட்ட வேண்டும். அம்மா மகிழ்ச்சியான முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. பயந்த முகத்தோடு நின்றபோது 17-இல் ஒன்றுகூட வரவில்லை. கோபமான முகத்துக்கு 18-இல் 2 மட்டும். பள்ளம் அதேதான், கண்ணாடி அதேதான்.

உங்கள் எதிரே இருந்த மேடையில் என்ன முகம் இருந்தது? கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் முகம். "டேய் வாடா, எவ்வளவு நேரம்டா" என்று கத்தும் முகம். நமக்கு வயது முப்பதை நெருங்கினாலும் சந்தேகம் வந்த நேரத்தில் எதிரில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் நம்மூர்ப் பையன்களுக்கு ஓட்டுவது ஒன்றுதான் அன்பைக் காட்டத் தெரிந்த வழி. இருந்தாலும் அந்த வீடியோவை நீக்கச் சொல்லுங்கள், குழுவில் எல்லோர் முன்னாலும், சிரிப்புப் பொம்மை எதுவும் சேர்க்காமல். தாத்தாவைப் பற்றிய வரி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, பயம் போகுமா? முழுதாகப் போகிறதோ இல்லையோ, கணிசமாகக் குறையும். உளவியலில் நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இருக்கும் பயங்களில் இதுவும் ஒன்று, அந்தச் சிகிச்சையின் சாரமும் எளியது: தாங்கக்கூடிய உயரத்தில் ஆரம்பித்து, பயம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருந்து, பிறகு அடுத்த படி. சிகிச்சை என்ற பெயரெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஜெர்மானியக் கவிஞர் கோதே இதைத் தனக்குத்தானே செய்துகொண்டார். 1770-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குப் படிக்கப் போனவருக்கு உயரம் என்றால் தலைசுற்றும். அங்கிருந்த பேராலயக் கோபுரம் 142 மீட்டர், அன்று உலகத்திலேயே உயரமான கட்டடம். தனியாக ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு ஒரு முழம்கூட இல்லாத சதுர மேடைக்கு வெளியே வருவாராம். அந்தக் காட்சி மனதை ஒன்றும் செய்யாது என்ற நிலை வரும்வரை திரும்பத் திரும்பப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கால்மணி நேரம். அவர் உடனே வெளியே பாய்ந்துவிடவில்லை. யாரும் கீழேயிருந்து கூப்பிடவும் இல்லை.

நீங்கள் இருக்கும் ஊர் இதற்கு வசதியான ஊர். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கிலேயே நாலாவது மாடித் தாழ்வாரத்தில் தொடங்கலாம், கைப்பிடிச் சுவரில் கை வைத்து, முதலில் பக்கத்து வீட்டுத் தொட்டிச்செடியைப் பார்த்து, அப்புறம் எதிர் புளோக்கை, அப்புறம் கீழே. அடுத்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். சாலைக்கு மேலே 36 மீட்டர், ஆனால் அகலமானது, மரத்தளம், ஆடாது. அங்கிருந்து தொடர்ந்து நடந்தால் காட்டுக்குமேல் போகும் இரும்புப் பாதை வரும், அதன் தளம் சல்லடைபோல இருப்பதால் காலுக்கடியில் மரக்கிளை தெரியும். அது பழகியபின் மெக்ரிட்சி மரஉச்சி நடைபாலம். 250 மீட்டர் நீளம், உயரமான இடத்தில் காட்டுத்தரையிலிருந்து 25 மீட்டர், ஒருவழிப் பாதை. திங்கட்கிழமை மூடியிருக்கும், போகுமுன் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போயிருக்கிறேன். ஓர் அம்மாள் எனக்கு முன்னால் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்தபடி போனார். மரங்கள் பாலத்தை ஒட்டி இலை உரச நிற்கும் பகுதியில் சாதாரணமாக நடந்தார், மரங்கள் விலகிப் பள்ளம் திறந்த இடத்தில் நடை சட்டென்று குறுகியது. அவர் மகள் "எதிர்ல அந்த மரத்தை மட்டும் பாருங்கம்மா" என்றாள். சரியான யோசனை. "கீழே பார்க்காதே" என்று சொன்னால் எதைப் பார்ப்பது என்று தெரியாது. அசையாத ஒன்றை, கண் மட்டத்தில், கூடியவரை பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பலகைப் பாலத்திலும் அதேதான்: மறுமுனையில் கம்பி கட்டியிருக்கும் மரத்தண்டு, முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும், மூச்சை நிறுத்தி வைக்காதீர்கள்.

அந்தப் பாலத்தில் மட்டுமில்லாமல் மேல்மாடி அலுவலகம், மின்படி, மேம்பாலம் என்று அன்றாட வாழ்க்கையையே இது மறிக்கிறது என்றால் உளவியலாளரைப் பாருங்கள். தரையில் நிற்கும்போதே சுற்றுகிறது என்றால் அது வேறு, மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் போவதைப் பற்றி. அவர்களுக்கு நிரூபித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் அந்தக் கைபேசிகளுக்கு முன்னால் உங்கள் உடம்பு போனமுறை கற்றதையே மறுபடி கற்கும். அந்த நாலு பேரில் யார் அன்று சிரிக்காமல் இருந்தார்? ஒருவராவது இருந்திருப்பார். நீங்கள் கீழே இறங்கியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டியவர். அவரோடு மட்டும் ஒரு வேலைநாள் காலையில், கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். அவர் முதலில் கடந்து எதிர் மேடையில் உங்களைப் பார்த்தபடி நிற்கட்டும், பேசவே வேண்டாம். தொடங்கும்போதே ஊழியரிடம் "எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, போனமுறை நடுவில் நின்றுவிட்டேன்" என்று சொல்லுங்கள், அவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள், இறக்கிவிடுவதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதிதான். எளிதான பாதை இருந்தால் அதில் தொடங்குங்கள். பாதியில் போதும் என்று தோன்றினால் போதும் என்று சொல்லி இறங்குங்கள், வேறொரு நாள் அதே பாலத்துக்குத் திரும்பலாம். கம்பியில் சறுக்கிப் போகும் இடம் வந்தால் குதிக்காதீர்கள், மேடை விளிம்பில் உட்கார்ந்து ஹார்னஸ் இறுகும்வரை எடையைக் கொடுத்து, அப்புறம் நகருங்கள்.

போய்வந்தால் எழுதுங்கள். போகாவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா