போகத்தின் கணக்கும் முதலீட்டாளரின் கணக்கும்: வன்னியில் இருந்து சில கேள்விகளும் பதில்களும்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு சின்னச் சந்திப்பில் பேசினேன். காலநிலை மாற்றத்தோடு தொடர்புடைய தொழில்நுட்பத்தில் புதிதாகக் கம்பனி தொடங்குவது எப்படி, அதற்கு யார் பணம் தருவார்கள் என்பதுதான் பேச்சு. அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டில் ஆறு வருடம் இப்படியான கம்பனிகளின் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடும் வேலையில் இருந்தேன். பிறகு இங்கே வந்து சொந்தமாக ஒன்றைத் தொடங்கினேன், அதை மூடவும் வேண்டி வந்தது. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

பொறியியல் பீட மாணவி, அறிவியல்நகர்: அக்கா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குளத்து நீர்மட்டத்தையும் வயலின் ஈரத்தையும் அளந்து போனுக்கு அனுப்பும் கருவி செய்திருக்கிறோம். ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்கிறது. முதலீட்டாளரை எங்கே தேடுவது?

தங்கச்சி, ஆளைத் தேடமுதல் அவருடைய பணம் எவ்வளவு காலம் பொறுத்திருக்கும் என்று பாருங்கள். பலரிடம் சேர்த்த பணத்தைப் புதிய கம்பனிகளில் பங்குக்காகப் போடும் வென்ச்சர் நிதி ஒன்றின் ஆயுள் வழக்கமாகப் பத்து வருடம். முதல் சில வருடங்களில் பணத்தைக் கம்பனிகளில் போடுவார்கள், மிச்சக் காலத்தில் பங்குகளை விற்று வெளியே வரவேண்டும். போட்ட கம்பனிகளில் அநேகமானவை தோற்கும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். ஒன்றிரண்டு பல மடங்கு வளர்ந்து எல்லா நட்டத்தையும் மூடவேண்டும். அதனால் 'நல்ல தொழில், மெதுவாக வளரும்' என்று நீங்கள் சொன்னால் அவருக்கு அது நல்ல செய்தி அல்ல. தொடக்கப் பணத்தை வைத்து ஏறக்குறைய 18 மாதத்துக்குள் அடுத்த சுற்று முதலீட்டுக்குத் தயாராக வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

வன்னியில் 18 மாதம் என்றால் என்ன? ஒரு காலபோகம் என்ற மாரி நெற்செய்கை, ஒரு சிறுபோகம் என்ற கோடைச் செய்கை, இன்னொரு காலபோகம். சிறுபோகமும் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான், அதுவும் கூட்டம் வைத்துப் பங்கிட்ட ஏக்கர் அளவுக்குத்தான். கொழும்பில் போன் செயலி செய்யும் ஒருவர் திங்கட்கிழமை பிழையைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை திருத்திவிடுவார். ஐப்பசி விதைப்பில் நீங்கள் விட்ட பிழையைத் திருத்திப் பார்க்க அடுத்த ஐப்பசி வரவேண்டும்.

என்னுடைய கம்பனி மூடப்பட்டதும் இதனால்தான். ஒரு வெளிநாட்டு நிதியிடம் பணம் வாங்கினோம். வயலில் பொருத்தவேண்டிய உணரிகள் (சென்சர்கள்) துறைமுகத்தில் மாட்டி, கைக்கு வந்தபோது விதைப்பு முடிந்துவிட்டது. அடுத்த போகத்தில் பொருத்தினோம். மழைக்குப் பெட்டிக்குள் எறும்பு குடியேறியது, குரங்கு வயரை இழுத்தது. மூன்றாவது போகத்தில்தான் கருவி ஒழுங்காக வேலை செய்தது, அதற்குள் காசு முடிந்துவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான்தான் அவசரமான பணத்தை ஆறுதலான வேலைக்கு வாங்கிவிட்டேன். அந்த மூன்றாவது போகத்தின் தரவுகளை இன்னும் வைத்திருக்கிறேன், உங்களுக்கு உதவும் என்றால் தருகிறேன்.

சரி, உங்களுக்கு வருவோம். முதலில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத, பங்கும் கேட்காத பணத்தைத் தேடுங்கள். பல்கலைக்கழக ஆய்வு நிதி, போட்டிப் பரிசு போன்றவை. யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் பணத்தைவிட வழிகாட்டிகள் கிடைப்பது பெரிது. ஒரு வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய பிறகு லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் போன்ற தனிநபர் முதலீட்டாளர் குழுக்களிடம் போகலாம். கொழும்பில் ஹட்ச் போன்ற, புதிய கம்பனிகளை வளர்த்துவிடும் நிலையங்களும் இருக்கின்றன. வென்ச்சர் நிதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. கமக்காரர் இதற்குக் காசு தருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். குளத்து மட்டத்தைக் கரையில் நின்றே பார்த்துச் சொல்லும் மனிதர் அவர், ஏன் தரவேண்டும்? 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, யாருக்கு எப்போது தெரிந்தது என்று அதன் பிறகு எவ்வளவு வாக்குவாதம். நீர்மட்டம் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பதிவாகி இருந்தால் யாருக்கு உண்மையில் தேவைப்பட்டிருக்கும்? நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ அலகு, பயிர்க் காப்புறுதி செய்பவர்கள். பயன்படுத்துபவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். முதலீட்டாளர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் இது கட்டாயம் இருக்கும்.

அரிசி ஆலை நடத்துபவர், வவுனியா: பிள்ளை, ஆலைக்குப் பின்னால் உமி மலைபோல் கிடக்கிறது. இதை எரித்துக் கரியாக்கினால் கார்பன் கிரெடிட் என்று டொலரில் காசு வரும் என்று ஒருவர் வந்து சொல்கிறார். ஒப்பந்தமும் கொண்டுவந்தார். உண்மையா?

ஐயா, அடிப்படை உண்மை. கார்பன் கிரெடிட் என்றால் காற்றில் சேரவிடாமல் தடுத்த கார்பனுக்குக் கிடைக்கும் சான்று, அதைக் காசுக்கு விற்கலாம். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. காற்றுக் குறைவாக விட்டுச் சுட்டால் அது கரியாகும். மண்ணில் போட்டால் அந்தக் கார்பன் நெடுங்காலம் அங்கேயே இருக்கும். வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்தியாவின் வராஹா என்ற கம்பனியிடம் 2030க்குள் ஒரு இலட்சம் தொன் கிரெடிட் வாங்குவதாகக் கூகுள் அறிவித்தது. அவர்கள் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரியாக்குகிறார்கள்.

ஆனால் கரிக்கும் காசுக்கும் இடையில் நீண்ட பாதை இருக்கிறது. எந்த உமி, எந்தச் சூட்டில் சுட்டது, எந்த வயலில் போட்டது என்று எல்லாம் பதிவாகி, வெளியார் ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கே பெரிய செலவு. அங்கீகாரம் கிடைத்தாலும் நிரந்தரம் இல்லை. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சி, அதில் இருந்து வரும் மீதேன் வாயுவைக் குறைத்ததாகச் சொன்ன 37 சீன நெல் திட்டங்களை 2024 ஆகஸ்டில் கிரெடிட்டுகளைப் பதியும் வெரா என்ற அமைப்பு நிராகரித்துவிட்டது. அந்த முறை நல்லதுதான், பிரச்சினை கணக்குக் காட்டியதில்.

பீகாரில் ஹஸ்க் பவர் என்ற கம்பனி 2008 அளவில் உமியை வாயுவாக்கிக் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முயற்சி அது. இன்று அவர்களுடைய தொழில் பெரும்பாலும் சூரிய மின்சாரத்தில் நிற்கிறது. இயந்திரத்தில் தார் படியும், அதைத் துப்புரவாக்க ஆள் வேண்டும், சூரியத் தகட்டின் விலையோ வருடா வருடம் இறங்கியது. உமியின் விலையும் அப்படியே நிற்காது, இன்றைக்குச் சும்மா கிடக்கிறது, வாங்க ஆள் வந்தால் நாளைக்கு விலை வரும்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். எத்தனை வருடத்துக்கு உங்கள் உமி முழுவதும் அவருக்கே என்று எழுதியிருக்கிறது? கிரெடிட் விற்கவில்லை என்றால் உங்களுக்கு ஏதாவது உண்டா? முதல் கேள்விக்குப் பத்து என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நெல் அவிக்கும் கொதிகலனுக்கே அந்த உமியை ஒழுங்காக எரிக்கும் அடுப்பைப் போட்டால் விறகுச் செலவு இந்த வருடமே குறையும். அதற்கு எந்த முதலீட்டாளரும் தேவையில்லை.

ரொறன்ரோவில் இருந்து ஒருவர், சொந்த ஊர் மல்லாவி: என் மருமகன் சோலார் நீர்ப்பம்பு வேலை தொடங்குகிறான். இருபதாயிரம் டொலர் போடலாம் என்று நினைக்கிறேன். பாதிப் பங்கு கேட்பது நியாயமா?

அண்ணா, நியாயமா என்பதைவிட அது அவரைக் கட்டிப்போடும் என்பதுதான் என் கவலை. தொடக்கத்திலேயே வேலை செய்யாத ஒருவர் கையில் பாதி இருந்தால், பின்னால் வரும் முதலீட்டாளர் பங்குப் பட்டியலைப் பார்த்ததுமே விலகிவிடுவார். நல்ல கம்பனிகள் இப்படி நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

வேறு வழி இருக்கிறது. இப்போது கடனாகக் கொடுத்து, அடுத்த முதலீடு வரும்போது அந்த விலையில் ஒரு விலைக்கழிவோடு பங்காக மாறும்படி எழுதலாம். இன்றைக்கே கம்பனியின் பெறுமதி பற்றிச் சொந்தக்காரருக்குள் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவர் செய்வது பம்பைப் பூட்டிக் கொடுக்கும் சேவை என்றால் பங்கே வேண்டாம், தவணைக் கடன் போதும். அறுவடை முடிந்த மாதங்களில் கட்டும்படி தவணையை வையுங்கள்.

எப்படிப் போட்டாலும் வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியலில் அனுப்பாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாகப் பதியச் சொல்லுங்கள். பங்குப் பணத்தை வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியாக அனுப்புங்கள். கடனாகக் கொடுப்பதானால் எந்தக் கணக்கால் வரவேண்டும் என்று அனுப்பமுதல் வங்கியிலேயே கேளுங்கள். இலாபத்தையோ முதலையோ ஒருநாள் திருப்பி எடுக்க வேண்டும் என்றால் அந்தத் தடம் இருக்கவேண்டும்.

பெயர் குறிப்பிடாதவர்: முதலில் காப்புரிமை எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு வயலில் கருவியைப் பொருத்துங்கள். புதிய வேதியியல், புதிய பற்றரி என்றால் மட்டும் வெளியில் பேசமுதல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஆசிரியர், மன்னார்: பெரிய காற்றாலைகள் எங்கள் தீவுக்கு என்ன கொண்டுவந்தன என்று பார்த்தோம். காலநிலை என்று சொல்லி வரும் பணத்தை இன்னும் நம்பச் சொல்கிறீர்களா?

உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கிருக்கிறது. ஆனால் இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் திறந்த மன்னார்த் தம்பபவனி காற்றாலைப் பண்ணை, 103.5 மெகாவொட், மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டியது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவொட் என்று வந்த அதானி குழுமம், அரசு விலையை மீளப் பேசப்போவதாகச் சொன்னபின் 2025 பெப்ரவரியில் விலகியது. இவை நிரூபிக்கப்பட்ட இயந்திரத்தைப் பெரிய கடனில் நிறுத்தும் வேலைகள், தொடக்கநிலைக் கம்பனிகள் அல்ல. அங்கே முடிவு கொழும்பிலும் வெளிநாட்டிலும் எடுக்கப்படுகிறது. வெள்ளம் வடியாத ஒழுங்கையும் பறவைகளின் வலசைப் பாதையும் அந்த மேசைக்குக் கடைசியாகத்தான் வந்தன. 2025இல் மக்கள் வீதிக்கு இறங்க வேண்டி வந்தது அதனால்தான்.

நான் பேசும் சிறு கம்பனிகள் இந்த ஊர்ப் பிள்ளைகள் தொடங்குபவை. அதற்கு வரும் பணத்திடமும் அதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்: முடிவெடுக்கும் மேசையில் இந்த ஊர் ஆள் இருக்கிறாரா? இப்போது கேட்பது இன்னும் முக்கியம். 2021, 2022 அளவில் உலகில் இந்தத் துறைக்கு ஓடிவந்த பணம் பிறகு குறைந்துவிட்டது. சுவீடனின் பற்றரிக் கம்பனி நோர்த்வோல்ட் 2025 மார்ச்சில் வங்குரோத்தானது. மிச்சமிருக்கும் முதலீட்டாளர்கள் கடும் நிபந்தனை போடுகிறார்கள், கையில் காசில்லாதவர்கள் வாசிக்காமல் கையெழுத்திடுகிறார்கள்.

மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், முல்லைத்தீவு: ஐஸ் கட்டிக்கே உழைப்பில் பாதி போகிறது. சூரிய ஒளியில் ஓடும் குளிர் அறை ஒன்றுக்கு முதலீட்டாளர் கிடைப்பாரா?

உங்களுக்கு வேண்டியது பொறுமையான கடனும் கொஞ்ச மானியமும். முதலீட்டாளர் வேண்டாம். பூனாவில் இக்கோசென் என்ற கம்பனி சூரிய சக்திக் குளிர் அறைகளைச் செய்கிறது, பற்றரிக்குப் பதிலாகக் குளிரையே சேமித்து வைக்கும் முறை. ஆனால் அது மரக்கறி, பழங்களை மனதில் வைத்துச் செய்தது. மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸ் செய்ய இன்னும் அதிக மின்சாரம் வேண்டும். விற்க வருபவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

பணத்துக்கு, உலக சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டத்தைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் இங்கே நடத்துகிறது, கம்பனிகளுக்கு அல்ல, உங்களைப் போன்ற சமூக அமைப்புகளுக்கே கொடுப்பது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை வங்கி ஈடாக எடுக்காது என்று எழுதியிருந்தீர்கள், அது இங்கே எல்லோருக்கும் உள்ள சங்கடம். பெங்களூரில் செல்கோ என்ற சூரிய மின்சாரக் கம்பனி 1995இல் தொடங்கியபோது இதே சுவரில்தான் முட்டியது. கிராம வங்கி முகாமையாளர்களிடம் திரும்பத் திரும்பப் போய், சந்தைக்காரரின் நாள் வருமானத்துக்கு ஏற்றபடி தவணை வைக்கச் சொல்லிப் பழக்கினார்கள். உங்கள் சங்கத்தின் ஐஸ் செலவுப் பற்றுச்சீட்டுகளை ஒரு வருடத்துக்கு ஒழுங்காக அடுக்கி வையுங்கள். ஈட்டுக்குக் காணி இல்லாதபோது வங்கியில் உங்களுக்காகப் பேசுவது அந்தக் கோப்புதான்.

மீண்டும் அறிவியல்நகர் மாணவி: அக்கா, அப்படியென்றால் பணம் வருமுன் நாங்கள் என்ன செய்வது?

புரட்டாதிக்குள் இரண்டு கருவிகளை வெளியே கொண்டுபோங்கள். பெரிய குளம் வேண்டாம், அனுமதி எடுக்கவே போகம் போய்விடும். கமக்கார அமைப்பு பராமரிக்கும் சின்னக் குளம் ஒன்றைப் பிடித்து, அவர்களுடைய கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். பெட்டியை மெழுகு போட்டு மூடுங்கள், வயரைக் குழாய்க்குள் விடுங்கள். யானை வரும் பக்கம் கம்பம் நடாதீர்கள். மழை தொடங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை தரவு வந்தது, எத்தனை தடவை வரவில்லை, ஏன் என்று கொப்பியில் எழுதுங்கள். தை முடிய அந்தக் கொப்பியோடு கிளிநொச்சிக்கு வாருங்கள். நான் என் மூன்றாவது போகத் தரவைக் கொண்டுவருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.