உயரத்தை அளந்துதான் சொன்னீர்களா?

(மன்னார்குடி முகாமில் கைகளிலும் கணுக்கால்களிலும் பட்டை கட்டித் தமனி விறைப்பு பார்த்துக்கொண்டவர்களுக்கு, ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியரின் பதில்கள்.)

நீடாமங்கலம்: ஐயா, என் உயரம் 155 செ.மீ. கூச்சத்தில் 165 என்று சொல்லிவிட்டேன். நாடி அலை வேகம் 1478 என்று வந்திருக்கிறது.

கூச்சத்துக்குக் கூலி அது. கருவி உங்கள் தமனியை நூல் பிடித்து அளப்பதில்லை. சொன்ன உயரத்தை வைத்து, இதயத்திலிருந்து கை, கணுக்கால் ஆகியவற்றின் தூரங்களைக் கணக்கிட்டு, அவற்றின் வித்தியாசத்தை, நாடி அலை (ஒவ்வொரு துடிப்பிலும் தமனி வழியே ஓடும் அழுத்த அலை) கையைவிடக் காலுக்குப் பிந்தி வரும் நேரத்தால் வகுக்கிறது; கிடைப்பது அலையின் வேகம். வழக்கமான சூத்திரப்படி 155-க்கு அந்த வித்தியாசம் சுமார் 106 செ.மீ.; 165-க்கு 112. உங்கள் உண்மையான எண், விநாடிக்கு 1400 செ.மீ. சுவரோரம் செருப்பில்லாமல் நின்று அளந்துகொண்டு போங்கள்.

திருவையாறு: குள்ளமானவர்களுக்கு விறைப்பு அதிகமா?

எந்த எண்ணைக் கேட்கிறீர்கள்? பெருக்கக் குறியீடு (திரும்பி வரும் அலை ரத்த அழுத்தத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்று சொல்லும் எண்) என்றால், ஆம், கூடுதலாகக் காட்டும். குட்டை உடலில் அலை சீக்கிரம் மோதித் திரும்பி, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்கிறது. தமனிச் சுவர் இளகியிருந்தாலும் இது நடக்கும். பெண்களுக்கு அந்த எண் உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாபநாசம்: நான் 150 செ.மீ. பயப்பட வேண்டுமா?

மேலே திருவையாறு.

வலங்கைமான்: குள்ளமானவர்களுக்கு மாரடைப்பு அதிகமாமே?

2015-இல் வந்த மரபணு ஆய்வு, 6.5 செ.மீ. குறைந்தால் இதயத் தமனி நோய் வாய்ப்பு 13.5 சதவீதம் கூடும் என்றது. உயரத்தை எழுதினீர்கள்; பீடிக் கணக்கை எழுதவில்லையே?

கும்பகோணம்: எனக்கு 74 வயது. கூன் விழுந்து உயரம் குறைந்துவிட்டது.

நல்ல கேள்வி. முதுகு குறுகினாலும் பெருந்தமனி குறுகாது. வயதாக ஆக நீண்டு நெளியும். இன்றைய உயரத்தைப் போட்டால் வேகம் குறைவாகத் தெரியும். பழைய உயரத்தையும் சொல்லுங்கள்.

வேதாரண்யம்: கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகிறது. நெட்டையானவருக்கும் அலை மெதுவாகத்தானே போகும்?

நேரம் வேறு, வேகம் வேறு. தவிர, நாடி அலை ரத்தத்தின் ஓட்டமே அல்ல. ரத்தம் பெருந்தமனியில் சராசரியாக விநாடிக்கு ஒரு மீட்டர்கூடப் போவதில்லை. அலையோ பல மீட்டர் பாய்கிறது. சுவர் விறைக்க விறைக்க இன்னும் விரைகிறது.

வேதாரண்யம்: அப்படியானால் மதகைத் திறந்ததும் வாய்க்கால் கரை அதிர்வதுபோலவா?

கரையை விடுங்கள், நீர்மட்டத்தில் ஓடும் அலையைப் பாருங்கள். தண்ணீரை முந்திக்கொண்டு போகும்.

பாபநாசம்: 148 செ.மீ. உள்ள என் மனைவிக்கு?

திருவையாறு!

கும்பகோணம்: காபி குடித்துவிட்டுச் சோதனைக்குப் போகலாமா?

3 மணி நேரம் கூடாது. புகையும் கூடாது.

கும்பகோணம்: எங்கள் ஊர் டிகிரி காபியில் பால்தான் அதிகம், ஐயா.

பால் எவ்வளவு ஊற்றினாலும் டிகாக்ஷன் உள்ளேதான் இருக்கிறது.