மின் கணக்கீட்டாளர் சம்பளத்தில் திருப்பூரில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வியைப் பார்த்தால், வெளி மாவட்டத்திலிருந்து இந்தப் பணிக்கு வர எண்ணும், அண்மையில் திருமணமான ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தனியாள் என்றால் வாடகையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். முடியும் என்பதுதான் என் பதில். திருப்பூர் மாநகராட்சிக்கு உட்பட்ட ஒரு பகுதியில் சில ஆண்டுகள் கணக்கீட்டாளராக, அதாவது வீடு வீடாகப் போய் மின் மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பவனாக வேலை பார்த்தவன், மனைவியோடும் பள்ளி செல்லும் மகளோடும் அங்கேயே லைன் வீட்டில் குடியிருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2023 கோடையில் அகவிலைப்படி 42 விழுக்காடாக உயர்ந்த பிறகு, பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தம், மருத்துவக் காப்பீடு, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை எல்லாம் போக என் கைக்கு வந்தது 32,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் வாடகை 6,500, மகளின் பள்ளிக்கும் வேனுக்கும் ஏறக்குறைய 4,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000 என்று முதல் வாரத்திலேயே பாதி கரைந்துவிடும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலை ஊற்றிக்கொண்டு வீதி வீதியாக வண்டியில் அலைவது இந்த வேலையோடு கூடப் பிறந்த செலவு. மளிகை, பால், காய்கறி, குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் லாரித் தண்ணீர் ஆகியவை போக மாதக் கடைசியில் இரண்டாயிரம் மிஞ்சினால் அது நல்ல மாதம்.

இதைப் படித்தவுடன், பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்ப்பவருக்கு இந்தப் பணம் கிடைக்குமா, அரசுச் சம்பளம் வாங்குகிறவர் புலம்பலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் புலம்பவில்லை, கேட்டவருக்குக் கணக்குச் சொல்கிறேன். அதோடு, கணக்கீட்டாளர் என்றாலே வாசலில் காசு வாங்கிக்கொண்டு யூனிட்டைக் குறைப்பவர் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு சொல்: இன்று நாங்கள் குறைத்து எழுதினால், மீட்டருக்குள் இருக்கும் எண் அடுத்த கணக்கெடுப்பில் அப்படியே மேலே வந்து நிற்கும். மீட்டரை எந்தக் கையூட்டாலும் பின்னோக்கி ஓட வைக்க முடியாது.

கணக்கெடுக்கப் போகும் வீடுகளில் எங்களுக்கு விழும் வசவு பெரும்பாலும் 500 என்ற ஓர் எண்ணைச் சுற்றியே வரும். 2022 செப்டம்பரில் மாற்றப்பட்டு 2024 ஜூலை வரை இருந்த வீட்டுக் கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஓடியிருந்தால் 2,030 ரூபாய். கடைசிப் பத்து யூனிட்டின் விலை 80 ரூபாய்தான் என்றாலும், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் என்ற சலுகை விலை மறைந்து, அதுவும் 4.50 ஆகிவிட்டதால் மேலும் 225 ரூபாய் ஏறியது. ஆகவே நான் இரண்டு நாள் தாமதமாகப் போனால், அந்த இரண்டு நாளில் எல்லையைத் தாண்டிய வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன். நாய்க்கடியையும், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் தலைக்கு மேல் மாட்டிய மீட்டரையும், பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை அலைவதையும் பற்றி வேறு பதில்களில் நிறையவே எழுதிவிட்டார்கள்.

இந்தப் படிநிலைக் கணக்கை நாள்தோறும் நூறு வாசல்களில் விளக்கிக்கொண்டிருந்த நான், என் சொந்த வீட்டுக் கணக்கை ஓராண்டுக்கும் மேலாகப் பார்க்கவே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதத் தொடங்கினேன்.

நாங்கள் இருந்தது ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு குடும்பங்கள். முன்பக்கம் வீட்டுக்காரர், பின்னால் வரிசையாக மூன்று குடித்தனங்கள். மின் இணைப்பு ஒன்றே ஒன்றுதான், அது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. எங்கள் மூவருக்கும் சப் மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கார அம்மா ஒரு துண்டுச் சீட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கழித்து எழுதிக்கொண்டு வருவார். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். அந்தக் கோடையில் எங்கள் சீட்டில் 180 யூனிட், 1,440 ரூபாய் என்று இருந்தது. குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று வாழும் ஒரு குடும்பத்துக்கு 180 யூனிட் ஒன்றும் அதிகமில்லை. அதே 180 யூனிட் எனக்கென்று தனி இணைப்பில் ஓடியிருந்தால், 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் கிடைத்துவந்த 100 யூனிட் இலவசம் போக, மிச்சம் 80 யூனிட்டுக்கு 2.25 வீதம் 180 ரூபாய்தான் வந்திருக்கும். ஊருக்கெல்லாம் மீட்டர் பார்க்கிறவன் எட்டு மடங்கு கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வீதி என் பகுதியில் வராது, வேறொரு கணக்கீட்டாளர்தான் அங்கே வருவார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டை நானே கணக்கெடுத்தேனா என்று கேட்க வருகிறவர்களுக்காக. அன்று மாலை மீட்டர் பலகையில் செருகியிருந்த வெள்ளை அட்டையைக் கையில் எடுத்தேன். மொத்தம் 900 யூனிட், 5,550 ரூபாய் என்று பதிவாகியிருந்தது. வீட்டுக்காரர் நம்மைக் கொள்ளையடிக்கிறார் என்பதை மனைவியிடம் எண்களோடு காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், மகளின் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டேன். குடித்தனங்களுக்கு 180, 180, 140, ஆக 500 யூனிட். எட்டு ரூபாய் வீதம் எங்களிடம் வசூலானது 4,000. வீட்டுக்காரர் ஓட்டியது 400 யூனிட். மொத்தத் தொகையில் அவர் கையிலிருந்து போனது 1,550. அவர் மட்டும் தனி இணைப்பில் அதே 400 யூனிட்டை ஓட்டியிருந்தால் 1,125 ரூபாய்தான் கட்டியிருப்பார். நான்கு குடும்பங்களின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து 500, 600, 800 என்று ஏறிக்கொண்டே போனதால், கடைசி நூறு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் விழுந்திருந்தது. நான்கு தனி இணைப்புகள் இருந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து 1,575 ரூபாயில் முடித்திருக்கலாம். நோட்டை எட்டிப் பார்த்த என் மனைவி, "ஏனுங்க, அப்ப அவங்களுக்கும் நட்டந்தானுங்களா?" என்று கேட்டபோது எனக்குச் சற்றே ஏமாற்றமாகத்தான் இருந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு வாங்கினால் அவருக்கே இரண்டு மாதத்துக்கு 425 ரூபாய் மிச்சம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் மறுக்கவில்லை, நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிக்கூடப் பார்த்தார். ஆனால் மூன்று புதிய இணைப்புகளுக்கு வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் காப்புத்தொகை, புதிய ஒயரிங் என்று முதலில் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். அதைவிடப் பெரிய அச்சம் வேறு. 2022 நவம்பர் முதல் சில மாதங்கள் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்ன நாள்களில், ஒரே பெயரில் பல இணைப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்கள், நூறு யூனிட் சலுகையும் போய்விடும் என்று ஊரெங்கும் பேச்சு இருந்தது. சலுகை தொடரும் என்று அரசு அறிவித்திருந்தும் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. "நாளைக்கு ஏதாச்சும் மாத்திட்டாங்கன்னா யாருங்க சார் பதில் சொல்றது, நீங்களாங்க?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லக்கூடிய பதவியில் இல்லை.

மூன்று மாதம் கழித்துத் தனி மீட்டர் உள்ள வேறொரு வீட்டுக்கு மாறினோம். காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதும் அந்தச் சுவர்கள் வெள்ளையடிக்காமல்தான் இருந்தன. வாடகைச் சட்டம், ஒப்பந்தப் பதிவு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கைக்கு வர வேண்டிய பணம் அவரிடம் இருக்கும்போது சட்டம் பேசுவது எளிதல்ல. கேள்விக்கு இது நேரடியாகத் தொடர்பில்லாததுபோலத் தெரியலாம், ஆனால் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் சம்பளத்தில் விழும் ஓட்டை இதுதான் என்பதால் எழுதினேன்.

புதிய வீட்டில் முதல் கணக்கெடுப்பில் 180 யூனிட்டே ஓடி, அட்டையில் 180 ரூபாய் என்று பதிவானபோது அதைப் படம் பிடித்துச் சக ஊழியர்களுக்கெல்லாம் அனுப்பினேன். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். புதிய வீட்டின் வாடகை 7,500. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 1,260 ரூபாய் மிச்சம். வாடகையில் அதே இரண்டு மாதத்துக்கு 2,000 ரூபாய் கூடுதல். ஆக மாதம் 370 ரூபாய் நட்டத்தில்தான் அந்த வீட்டுக்கு வந்திருந்தோம். கணக்கைத் தொழிலாகக் கொண்டவன் இதை வீடு பார்க்கும்போதே போட்டிருக்க வேண்டும். போட்டேனா என்றால், போட்டேன், தெரிந்தேதான் மாறினேன். எட்டு ரூபாய்ச் சீட்டை இன்னொரு முறை கையில் வாங்க எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோதும் என் 180 ரூபாய் 188 ஆனது, அவ்வளவுதான்.

ஆகையால் நீங்கள் திருப்பூருக்கு வருவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பு காம்பவுண்டில் எத்தனை அடுப்பங்கரை, மீட்டர் பலகையில் எத்தனை மீட்டர் என்று இரண்டையும் எண்ணிப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். உங்கள் செலவும் எங்களைப்போல 180 யூனிட்டை ஒட்டியது என்றால், 2024 ஜூலைக் கட்டணப்படி தனி மீட்டர் வீட்டுக்கு மாதம் 626 ரூபாய் வரை வாடகை கூடுதலாகக் கொடுப்பது கட்டுப்படியாகும். அதற்கு மேல் கேட்டால் எட்டு ரூபாய் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள். மனைவியிடம் மட்டும் முதலிலேயே கணக்கைக் காட்டிவிடுங்கள்.