ரிக்டரின் விளக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பியானோ மேதை ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் கடைசிக் காலக் கச்சேரி ஒன்றின் பதிவைப் பார்த்தேன். அரங்கு முழுக்க இருட்டு. பியானோ மேல் ஒரு சின்ன விளக்கு, முன்னால் இசைத்தாள், பக்கம் புரட்ட ஓர் ஆள். இவ்வளவு பெரிய கலைஞர் தாளைப் பார்த்தா வாசிப்பார்? நினைவு தப்பிவிட்டதா? பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

மனப்பாடமாகத்தான் வாசிக்கவேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமன் போன்ற பியானோக் கலைஞர்களால் நிலைபெற்ற வழக்கம். ரிக்டரே பல ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தார்.

பின்னாளில் அவர் தாளுக்கு மாறியதற்கு உடல் காரணமும் உண்டு. எந்தச் சுரத்தையும் கேட்ட மாத்திரத்தில் இனம் காணும் காது அவருடையது. முதுமையில் அது பிறழ்ந்தது. எல்லாமே உண்மையான சுருதியைவிட உயர்ந்து கேட்டது. விரல் ஒரு கட்டையை அழுத்தும், காதில் இன்னொன்று விழும். அந்த நிலையிலும் மேடையேறியவரை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது. பாஹின் 'இத்தாலியன் கான்செர்ட்டோ'வின் இரண்டாம் பகுதி முடிவதற்குச் சற்று முன் ஓர் இடம். தாளில் இருப்பது எஃப், வெள்ளைக் கட்டை. ரிக்டர் அதை ஒட்டிய கருப்புக் கட்டையை, எஃப் ஷார்ப்பை, சுமார் 40 ஆண்டுகள் வாசித்துவந்தார். எந்த இசைக்கலைஞரும், எந்த ஒலிப்பதிவாளரும் சுட்டிக்காட்டவில்லை. 1950களில் வந்த இசைத்தட்டிலும் அந்தப் பிழை இருக்கிறது. தெரிந்ததும் அவரே எழுதி அறிவித்தார். மனப்பாடம் பிழையையும் சேர்த்துத்தான் இறுக்கிவைக்கிறது. அப்படிப்பட்டவர் கண்ணெதிரே தாளை விரித்துவைத்ததைத் தளர்ச்சி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விளக்கு அந்தத் தாளைப் பார்க்க. அரங்கின் இருட்டுக்குக் காரணம் வேறு. கலைஞனின் முகத்தையும் விரல்களையும் பார்ப்பதால் இசை கூடுதலாகக் கேட்டுவிடாது, கவனம்தான் சிதறும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இன்னொன்று, அவருக்குத் தாள் முதுமையில் வந்த ஊன்றுகோல் அல்ல. ஒடெசாவில் பதின்வயதிலேயே அவர் தாளைப் பார்த்து வாசித்து வளர்ந்தவர். அங்கே ஓபரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்தார். தாளை விரித்த கையோடு வாசித்தாகவேண்டிய வேலை அது. 1937ல், 22 வயதில், மாஸ்கோவில் பியானோ ஆசிரியர் ஹைன்ரிக் நெய்ஹவுஸிடம் சேரும்வரை முறையான பியானோப் பயிற்சி அவருக்கு அநேகமாக இல்லை.

அவருடைய விரல்களின் வல்லமையை அறிய 1958ல் பல்கேரியாவின் சோஃபியாவில் பதிவான முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' கேளுங்கள். சபையில் இருமல் ஓயாது, தொடக்கத்தில் ஒன்றிரண்டு சுரங்கள் தவறும், போகப்போகக் கேட்கும் நமக்கு மூச்சு முட்டும். பிறகு ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை), 1972ஆம் ஆண்டுப் பதிவு. பலரும் 20 நிமிடத்துக்குள் முடிக்கும் முதல் பகுதிக்கு ரிக்டர் ஏறத்தாழ 24 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். விளக்கை அணைத்துவிட்டே கேட்கலாம். கேட்டபின் எழுதுங்கள்.