நோட்டுப் பிடித்த அக்கா

அன்புள்ள அக்கா,

நான் குமரிக் கடற்கரையில் பிறந்து, இப்போது சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவன். ஊருக்குப் போனால் எதிலும் கோயில்தான், அதாவது எங்கள் கத்தோலிக்க தேவாலயம்தான்: கடன் தகராறு, கல்யாண ஓலை, மீன் குத்தகை. இந்தக் காலத்திலும் கோயில் ஊரை இப்படிப் பிடித்து வைத்திருக்க வேண்டுமா? மருத்துவ முகாம், டியூஷன் என்று சேவையோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

குத்தகைக் கணக்கை ஊர்க் கமிட்டியில் கேளுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. கடன் தகராறையும் விடுங்கள். ‘சேவையோடு நிறுத்திக்கொண்டால் என்ன’ என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முகாமை யாரும் நடத்திவிடலாம். உங்கள் ஃபிளாட்டில் நீங்கள் மூன்று நாள் கதவு திறக்காவிட்டால் யார் வந்து தட்டுவார்கள், சொல்லுங்கள்.

போன வாரம் அம்மாவின் பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது. அதிலிருந்தே இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். என் சித்தி வீடு அந்தக் கரையில்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் முற்றத்து மணலில் பாய்கூட இல்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்பியத்துக்கு, அதாவது கோயிலின் முப்பது வீட்டுக் குழுவுக்கு, ஒருத்தி நோட்டோடு சுற்றிவந்தாள். எந்த போட், யார் யார், என்றைக்குப் போனார்கள், கடைசியாக எப்போது பேசினார்கள். சித்தி மருமகன் பெயரை மட்டும் சொன்னாள். “அவன் தம்பியும் கூடத்தானே போனான், அக்கா?” என்று நோட்டுக்காரிதான் எடுத்துக் கொடுத்தாள். சித்திக்கு அந்த நேரத்தில் அது நினைவிலேயே இல்லை.

எந்த முகாமில் வரும் தம்பி, இந்த அறிவு? முப்பது வீட்டின் அடுப்பும் தொட்டிலும் தெரிந்தவளுக்குத்தான் யாரைக் காணோம் என்று தெரியும். கலெக்டர் ஆபீஸ் ஓர் எண் சொன்னது, பங்குக் கோயில்கள் வேறு எண் சொல்லின. பங்குகளிடம் இருந்தது வெறும் எண் இல்லை, பெயர்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயிலை மறித்து ஜனம் உட்கார்ந்தது அந்தப் பெயர்களுக்காக. நீங்கள் ‘பிடித்து வைத்திருக்கிறது’ என்று சொல்லும் அந்தப் பிடிதான் அன்றைக்கு அவர்களை உட்கார வைத்தது.

கோயில் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. சாதிகளைப் பிரிக்க உள்ளே சுவர் வைத்திருந்த வடக்கன்குளம் கோயிலும் நம்முடையதுதான். நோட்டுப் பிடித்த அந்த அக்காக்களில் ஒருத்திக்கும் அன்றைக்கு ஊர்க் கமிட்டியில் நாற்காலி கிடையாது. அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். சென்னையில் இருந்துகொண்டு ‘நிறுத்திக்கொள்ளட்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

அம்மா பெட்டியில் கிடைத்தது அந்த நோட்டின் ஒரு பக்கம்தான், நிவாரண மனுவுக்காக எடுத்த நகல். சித்தி வீட்டுக்கு நேரே இரண்டு பெயர். தம்பி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘வந்தாச்சு’ என்று எழுதியிருக்கிறது.