ஒரு கட்டுக் குச்சியில் தொடங்கிய தோட்டம்

அன்புள்ள சார்,

போன வாரம் சிம்லா ஆப்பிள் ஒரு கிலோ வாங்கினேன். பார்க்க ரத்தச் சிவப்பு, கடித்தால் மாவு. இதற்குப் போய் 'ரெட் டெலிசியஸ்' என்று யார் பெயர் வைத்தது என்று தேடினால், அமெரிக்காவில் 1816இலிருந்து இருக்கும் ஸ்டார்க் என்ற குடும்பத் தோட்டம் என்று வருகிறது. இதை வைத்தா இத்தனை தலைமுறை பிழைத்தார்கள்?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

அவர்கள் பிழைத்தது பழத்தால் அல்ல, மரக்கன்று விற்று. ஜேம்ஸ் ஹார்ட் ஸ்டார்க் கென்டக்கியிலிருந்து மிசௌரிக்கு வந்தபோது கையில் ஒரு கட்டு ஆப்பிள் குச்சி இருந்தது. குடியேறிய ஊர் லூசியானா (அந்த மாநிலம் இல்லை, மிசௌரியில் அதே பெயரில் ஒரு சிற்றூர்). ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்துப் பழம் வராது, தாய்மரத்துக் குச்சியை வேறொரு கன்றில் பொருத்தி ஒட்டுக்கட்டினால்தான் வரும். மல்கோவா கொட்டையைப் புதைத்து ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நல்ல மரம் ஒன்று எங்காவது தானாக முளைத்தால் அதன் குச்சிதான் சொத்து.

அயோவாவில் ஜெஸ்ஸி ஹையாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் வரிசைக்கு வெளியே ஒரு கன்று முளைத்தது. வெட்டினார், துளிர்த்தது. மறுபடி வெட்டினார், மறுபடி துளிர்த்தது. சரி, இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார். அது காய்த்த பழத்தை 1893இல் ஸ்டார்க் குடும்பம் நடத்திய போட்டிக்கு அனுப்பினார், பரிசும் கிடைத்தது, ஆனால் அனுப்பியவர் பெயரை அவர்கள் தொலைத்துவிட்டார்கள்! அடுத்த வருடம் ஹையாட் திரும்ப அனுப்பியதால் பிழைத்தது. 'ஹாக்கை' என்று அவர் வைத்த பெயரை மாற்றி 'டெலிசியஸ்' ஆக்கியது ஸ்டார்க். 1914இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலருக்கு வாங்கி, யாரும் குச்சி ஒடிக்காமல் இருக்க மரத்தைச் சுற்றிக் கூண்டே கட்டினார்கள். அதுதான் கோல்டன் டெலிசியஸ். புதுச்செடிக்குக் காப்புரிமை தரும் 1930ஆம் வருடச் சட்டத்துக்கு அலைந்தவர்களில் இந்த வீட்டுப் பால் ஸ்டார்க்கும் உண்டு. கூண்டு கட்டிய அனுபவம்!

உங்கள் தட்டுக்கு வந்த வழியும் இதுதான். பிலடெல்பியாவிலிருந்து வந்து சிம்லாவுக்கு மேலே கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 வாக்கில் ஸ்டார்க்கிடமிருந்து டெலிசியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். இமாசலத்து ஆப்பிள் வியாபாரம் பெருத்தது அதிலிருந்துதான். காங்கிரஸில் சேர்ந்து சிறைக்கும் போனவர், அது தனிக்கதை.

மாவு எப்போது வந்தது என்றால், கூடுதலாகச் சிவக்கும் கிளை தென்படும்போதெல்லாம் அதிலிருந்தே ஒட்டுக்கட்டிக்கொண்டு போனதில் வந்தது. நிறம் ஏறியது, தோல் தடித்தது, ருசி பின்னால் போனது, குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது மீதியைப் பார்த்துக்கொண்டது. ஸ்டார்க்கை மட்டும் திட்டி என்ன பயன்? கடையில் நீங்களும் நானும் சிவப்பாகப் பார்த்துத்தானே பொறுக்குகிறோம். அமெரிக்கர்கள் ஒருவழியாக அலுத்துப்போய், 2018இல் காலா என்ற இன்னொரு ஆப்பிள் ரகம் விளைச்சலில் ரெட் டெலிசியஸை முந்தியது. அதற்கு முன்பே, 1990களில், கம்பெனி குடும்பத்தின் கையை விட்டுப் போயிருந்தது. பெயர் மட்டும் ஸ்டார்க்.

ஹையாட்டின் மரம் 1940இல் கடுங்குளிரில் பட்டுப்போனது. அப்புறம் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது.